இல்லாத தீவும் சேரம்பாடி சின்னையாவும்

போன மாதம் ரமேஷ் போன் செய்தான். நான் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்து தேய்த்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன்.

"அண்ணா, பேப்பர் பாத்தீங்களா? ஏதோ ஒரு நாடு, இன்னொரு நாட்டுல இத்தன வருசமா வெச்சிருந்த ராணுவத் தளத்தக் காலி பண்ணுதாமா. அதெல்லாம் ஏனுங்கண்ணா வெக்கறாங்க, அப்பறம் ஏன் மூடறாங்க? அதுக்குப் பதிலு உங்க பீரோவுலயே இருந்துச்சுன்னு இங்க பேசிக்கறாங்க."

இருந்தது உண்மைதான். பீரோ பச்சை, பதில் ரோஸ். வைத்துக்கொள்ள ஏழு காரணம், மூடிவிட ஆறு காரணம். என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வேன். ஆனால் அவனுக்குப் போனில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது குன்னூருக்குப் பக்கத்தில், ராணுவ அதிகாரிகளுக்குப் பாடம் நடத்தும் ஒரு பயிற்சி நிலையத்தில். சிவிலியன் குமாஸ்தா. அப்பா அன்னூரிலிருந்து மலையேறி வந்து குன்னூர் மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்தவர். எனக்குப் பருப்பு நிறுக்கப் பிடிக்கவில்லை. டைப்ரைட்டிங் ஹையர் தேறி, பரீட்சை எழுதி, அச்சுப் பிரிவில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: இடது பக்கம் எவ்வளவு வெள்ளை விட வேண்டும் என்பது. நாட்டின் பாதுகாப்பு அந்த வெள்ளையில்தான் இருக்கிறது என்று என் முதல் மேலாளர் நம்பினார். மூன்றாம் வருடம் நானும் நம்பினேன்.

பாடம் நடத்தும் முறை இதுதான். கற்பனையாக இரண்டு நாடு, ஒரு தீவு. தீவுக்குப் பெயர் வைத்து, வரைபடம் போட்டு, மழையளவு வரை எழுதுவார்கள். பெரிய நாடு அந்தத் தீவில் ஒரு தளம் வைத்திருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா, மூடலாமா? நம் அதிகாரிகளும் வெளிநாடுகளிலிருந்து படிக்க வந்த அதிகாரிகளும் குழு குழுவாக மூன்று நாள் சண்டை போடுவார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் பயிற்றுநர் சரியான விடையைக் கொடுப்பார். அது ரோஸ் தாளில் இருக்கும். 'பிங்க்' என்பார்கள். அந்த பிங்க், சண்டை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே அச்சாகி என் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். அதை எழுதியவரை விட்டால், கேள்வி பிறப்பதற்கு முன்பே விடையைப் பார்த்துவிட்டவன் அந்த வளாகத்தில் நான் ஒருவன்தான். ஜெனரலுக்குக்கூட அந்தப் பாக்கியம் கிடையாது.

இல்லாத நாட்டுக்கும் ரகசியம் உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் மேலேயும் கீழேயும் 'ரகசியம்' முத்திரை. ஸ்டென்சில் கிழிந்துவிட்டால் குப்பையில் போட முடியாது. இரண்டு பேர் முன்னிலையில் எரிக்க வேண்டும். சாம்பலைக் குச்சியால் கிளறி, எழுத்து எதுவும் மிச்சமில்லை என்று இருவரும் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். உலகத்தில் எங்கேயும் இல்லாத ஒரு தீவின் பெட்ரோல் கிடங்கை நான் எத்தனையோ முறை எரித்துச் சான்றளித்திருக்கிறேன்.

அந்தப் பாடத்துக்குப் பொறுப்பாக ஒரு கர்னல் இருந்தார். வடநாட்டுக்காரர், ஒல்லி, பேசும்போது உதடு மட்டும் அசையும். அவர் முன்னால் யாரும் 'மிகவும்' என்று எழுத முடியாது. ஆங்கிலத்தில் எழுதினாலும் அந்தச் சொல்லைக் கண்டால் ஸ்கேலை வைத்து ஒரே கோடாக அடிப்பார். "முக்கியம் என்றால் முக்கியம். அதென்ன மிக முக்கியம்? மீதியெல்லாம் என்ன, விளையாட்டா?" என்பார்.

காலை ஏழே முக்காலுக்கு வருவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். பிறகு பிழை திருத்தம். அவர் கையில் மூலப் பிரதி, என் கையில் அச்சடித்தது. அவர் வாய்விட்டுப் படிப்பார், கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் சேர்த்து. "தளத்தை மூடுவதால் கமா நட்பு நாடுகளின் நம்பிக்கை குறையும் முற்றுப்புள்ளி." இரண்டு மணி நேரம் இப்படி ஓடும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போதும் எனக்கு அது விடாது. ஒருநாள் மனைவியிடம், "ரசம் கமா கொஞ்சம்" என்று கேட்டுவிட்டேன்.

ஏழு காரணத்தில் பெரியவை: கடல் வழியைப் பார்த்துக்கொள்ளலாம், எண்ணெய் நிரப்பலாம், பக்கத்து நாட்டை மிரட்டலாம், நண்பனுக்குத் தைரியம் சொல்லலாம். மூடுவதற்கு: செலவு, தீவு மக்களின் எதிர்ப்பு, அங்கே ஆட்சி மாற்றம், தூரம் பறக்கும் விமானம் வந்துவிட்டது. இத்தனை வருடம் டைப் அடித்ததில், வைத்துக்கொள்வதற்கு எட்டாவதாக ஒரு காரணம் எனக்குத் தட்டுப்பட்டது. அது எந்தத் தாளிலும் இல்லை. மூடும் உத்தரவில் கையெழுத்துப் போட யாருக்கும் மனசு வராது. நம் ஆபீசில் உடைந்த நாற்காலியைக் கழித்துக்கட்டவே ஆறு கையெழுத்து வேண்டும். அவர்களுடையது தளம்.

இனி தேயிலை. விலை விழுந்த வருடங்கள் அவை. நான் ஜெகதளாவில் குடியிருந்தேன். எங்கள் வீட்டுக்காரரின் தோட்டத்தில் இலை பறிக்க ஆள் விட்டால், இலையைவிட ஆளுக்கே அதிகம் போகும் என்ற நிலை. அவர் பறிப்பதையே விட்டுவிட்டார். தேயிலைச் செடி என்று நாம் நினைப்பது உண்மையில் மரம். வெட்டாமல் விட்டதும் இடுப்பு, தோள், தலை என்று வளர்ந்து, எங்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. மலை முழுக்க இந்த நிலைமை. எங்கள் வளாகத்து மெஸ்ஸில் மட்டும் ஒப்பந்தப்படி அஸ்ஸாம் தூள் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒப்பந்தத்தில் 'மலை' என்ற சொல்லே இல்லை.

மெஸ் ஒப்பந்தக்காரரிடம் செல்வி என்ற பெண் வேலை பார்த்தாள். வகுப்புகளுக்கு டீ கொண்டுபோவது அவள் வேலை. அப்பா சின்னையா, சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் தொழிலாளி. சிலோனிலிருந்து திரும்பி வந்தவர். எஸ்டேட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் வேலையாகக் குறைத்துவிட்டார்கள் என்று மகளிடம் வந்து தங்கியிருந்தார். அறுபது வயதை நெருங்கியவர், கட்டையான உருவம், சட்டையை மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி வெள்ளையாக வைத்திருப்பார்.

அந்த வருடப் பாடத்தின் முதல் நாள் காலையில் செல்விக்குக் காய்ச்சல். சின்னையா கேட்டருகே டீ கேனுடன் நின்றார். அவரிடம் பாஸ் இல்லை. காவலுக்கு நின்றவன் என்னைக் கூப்பிட்டான்.

"ஏனுங்க, செல்வி வர்லீங்களா?" என்றேன்.

"புள்ளைக்குக் காய்ச்சலுங்க ஐயா. போகலைன்னா வேற ஆளப் போட்டுருவோம்னு மேஸ்திரி சொல்றாரு. தேத்தண்ணி ஊத்துறதுதான? நா ஊத்திட்டுப் போறேன்."

நான் பதிவேட்டில் 'செல்வி சார்பில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வேலையில் நான் போட்ட கையெழுத்துகளிலேயே யோசிக்காமல் போட்டது அது ஒன்றுதான்.

அவரை வகுப்புக்கு நானே அழைத்துப் போனேன். அங்கே சண்டை உச்சத்தில் இருந்தது. விதிப்படி டீ வருவதற்கு முன் தாள்களையெல்லாம் வாங்கிப் பூட்டிவிட வேண்டும். கர்னல் அன்று பேச்சின் சுவாரசியத்தில் அதை விட்டுவிட்டார். சின்னையா கப்புகளோடு நுழைந்தபோது, ஓர் அதிகாரி சொல்லிக்கொண்டிருந்தார்: "மூடுவது எளிது. கொடியை இறக்கு, பூட்டைப் போடு, கப்பலேறு. ஒரு வாரம்."

சின்னையாவுக்கு ஆங்கிலம் பேச வராது. ஆனால் காதில் விழுந்தால் புரியும் என்று எனக்கு அப்போது தெரியாது. அவர் கப்பை வைத்துக்கொண்டே, தனக்குத்தானே சொல்வதுபோல், "பூட்டுப் போட்டது நாங்கதானுங்க, அவங்க எங்க போட்டாங்க?" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு சின்னத் தீவு நாட்டிலிருந்து படிக்க வந்த மேஜர். அவர் ஊரில் நிஜமாகவே ஒரு பெரிய நாட்டின் தளம் இருந்தது. அவர் என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறார்?" என்றார். நான் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். கர்னலும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்த்தேன்.

கர்னல் சின்னையாவிடம் கேட்டார், என் வழியாக: "எந்தப் பூட்டு?"

"திருகோணமலையிலங்க. வெள்ளக்காரன் கப்பல் கேம்ப்பு. நா அங்க லோண்டரில தொவைச்சேன். மீசை மொளைக்காத வயசு."

கர்னல் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார். அதற்குள் மணி அடித்தது, சின்னையா கப்புகளைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் கேட் பதிவேட்டில் உள்ளே வந்த ஆளும் பாஸும் ஒத்துப்போகவில்லை. மறுநாள் விசாரணை. ரகசியப் பாடம் நடந்த அறையில் பாஸ் இல்லாத ஒருவர். அதுவும் வெளிநாட்டில் பிறந்தவர். செல்வியை வேலைக்கு வர வேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் அன்றைக்கே சொல்லிவிட்டார். என் கதி விசாரணை முடிந்த பிறகு தெரியும் என்றார்கள்.

விசாரித்தவர் ஓர் இளம் கேப்டன். தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க வேறு ஆள் கிடைக்காததால், குற்றவாளி நம்பர் இரண்டாகிய நானே குற்றவாளி நம்பர் ஒன்றுக்கு மொழிபெயர்ப்பாளன். கேப்டன் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார்.

"பிறந்த இடம்?"

"நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டமுங்க."

"வெளிநாட்டில் உறவினர் உண்டா?"

"அக்கா இருக்கு. அதுக்கு அந்த நாடுன்னு எழுதிட்டாங்க, எனக்கு இந்த நாடுன்னு எழுதிட்டாங்க. ஒரே லயத்துல பொறந்தோமுங்க."

லயம் என்றால் தொழிலாளர் குடியிருப்பு என்று விளக்கினேன். கேப்டன் எழுதிக்கொண்டார்.

"வெளிநாட்டு ராணுவத்தில் பணி செய்ததுண்டா?"

"பண்ணுனேங்க. கால்சட்டை தொவைச்சேன்."

கேப்டன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். "அந்த அறையில் என்ன கேட்டீர்கள்?"

"ஒரு தீவுல கேம்ப்பு இருக்குதுங்க. மூடலாமா வேணாமான்னு பேசிக்கிட்டாங்க. ஆமா, அந்தத் தீவு எங்கங்க இருக்கு?"

கேப்டன் என்னைப் பார்த்தார். நான் சின்னையாவிடம் மெதுவாக, "அப்பிடி ஒரு தீவு இல்லீங்க," என்றேன்.

"இல்லாத எடத்துக்கா இத்தன தொரைமாரு சண்ட போட்டாங்க?"

"என்ன சொல்கிறார்?" என்றார் கேப்டன்.

"தீவு இருக்கும் இடம் தனக்குத் தெரியாது என்கிறார் சார்."

கேப்டன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. ரகசியம் வெளியே போகவில்லை.

அறிக்கை கர்னல் மேஜைக்குப் போனது. என்னைக் கூப்பிட்டார். ஸ்கேலை வைத்துக்கொண்டு முழுவதும் படித்தார். ஓர் இடத்தில் கேப்டன் 'மிகவும் கடுமையான குறைபாடு' என்று எழுதியிருந்தார். கர்னல் 'மிகவும்' மீது கோடு போட்டார்.

"அவரை உள்ளே விட்டது யார்?"

"நான்தான் சார். அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடும் என்றார்கள்."

"போய்விட்டதே."

"ஆமாம் சார்."

என் மூத்தவள் அந்த வருடம் பத்தாவது. மறுபடி கடைக்குப் போய்ப் பருப்பு நிறுப்பதை மனசுக்குள் பார்த்துவிட்டேன். அதைவிட, காய்ச்சலோடு படுத்திருக்கும் செல்வியிடம் எப்படிப் போய்ச் சொல்வது என்பதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

கர்னல் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். அவர் வேலை நேரத்தில் அதைக் கட்டி நான் பார்த்ததே இல்லை. பேனாவை எடுத்து அறிக்கையின் அடியில் எழுதினார். நான் அதை அன்று பகலில் டைப் அடித்தேன், அதனால் எனக்குத் தெரியும். மூன்று வாக்கியம். 'டீ வருவதற்கு முன் தாள்களைப் பூட்டாதது என் தவறு. குமாஸ்தாவும் டீ ஊழியரும் இதில் பொறுப்பல்ல. மேற்படி நபர் வியாழக்கிழமை என் அழைப்பின்பேரில் பாஸுடன் வந்து வகுப்பில் பேசுவார்.'

"சார், உங்கள் பேரில் குறிப்பு வந்துவிடும்," என்றேன்.

"வரட்டும். ஆறு வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். மூடப்பட்ட தளத்தில் இருந்த ஓர் ஆளை நேற்றுத்தான் பார்த்தேன். அதுவும் டீ கேனோடு."

வியாழக்கிழமை, பாடத்தின் மூன்றாம் நாள், சின்னையா என் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். கை நீளம். மடித்து விட்டோம். மேடையில் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நின்றே பேசினார், நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன்.

"மூடப்போறாங்கன்னு தொரைமாரு சொல்றதுக்கு முந்தியே எங்களுக்குத் தெரியுமுங்க. வர்ற துணி கொறையும். மொதல்ல படுக்கை விரிப்பு கொறைஞ்சது. அப்பறம் மேசை விரிப்பு. விருந்தாளி வர்றதில்லைன்னு அர்த்தம். கடைசில உள்சட்டை மட்டுந்தான். நாங்க மேஸ்திரிகிட்ட கேட்டோம், மூடப்போறாங்களான்னு. அவரு தொரைகிட்ட கேட்டாரு. அப்பிடியெல்லாம் இல்லைன்னுட்டாரு."

அதிகாரிகள் சிரித்தார்கள். சின்னையா அவர்கள் சிரித்து முடிக்கக் காத்திருந்தார்.

"போனப்ப நாயிங்கள விட்டுட்டுப் போயிட்டாங்க. அதுகளுக்கு இங்கிலீசு மட்டுந்தான் தெரியும். போன்னு சொன்னா போகாது. எங்களுக்கும் அதேதான். அந்த ஊருல வேற தொழில் தெரியாது. திரும்ப மலைக்கு ஏறி, தோட்டத்துல தேயிலைச் செடிய வெட்டி விடற கவ்வாத்து வேலைக்குப் போனேன். அப்பறம் ரெண்டு கவுருமெண்டு பேசி, இவன் அங்க, அவ இங்கன்னு பிரிச்சாங்க. கப்பல்ல ராமேஸ்வரம் வந்து, சேரம்பாடி வந்தேன். இப்ப கொழுந்துக்கு வெலையில்லைன்னு அங்கயும் வேலை நாள் கொறையுது. நா மூணு தடவ மூடுனவனுங்க."

'மூடுனவன்' என்பதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் ஒரு நிமிடம் நின்றேன். பிறகு, 'மூன்று முறை மூடப்பட்டவர்' என்று சொன்னேன்.

முதல் நாள், ஒரு வாரத்தில் கப்பலேறலாம் என்று சொன்ன அதே அதிகாரி எழுந்தார். "அப்படியானால் அந்தத் தளத்தை அவர்கள் வைத்திருந்திருக்க வேண்டும் என்கிறீர்களா?"

சின்னையா கோட்டின் கையை மறுபடி மடித்து விட்டுக்கொண்டார். "அது அவங்க ஊரு இல்லீங்களே. போக வேண்டியதுதான். போறப்ப சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

தீவு நாட்டு மேஜர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். வகுப்பு முடிந்ததும் சின்னையாவிடம் வந்து கை குலுக்கி, தன் ஊர்த் தளத்தில் தன் தம்பி சமையல் வேலை பார்ப்பதாக அவரிடம் என்னைச் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். "விரிப்ப எண்ணச் சொல்லுங்க," என்றார் சின்னையா.

அன்று மதியம் கர்னல் என் மேஜைக்கு வந்தார். பூட்டியிருந்த பிங்க் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். புதிதாக ஒரு பத்தி, பதினான்காவது: 'தளத்தை மூட முடிவு செய்யும் நாடு, அங்கே வேலை செய்யும் உள்ளூர்க்காரர்களுக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும்.' அவ்வளவுதான். அதற்காக முழுக்கட்டையும் மறுபடி அடித்தேன். பழைய கட்டை எரித்தோம், சாம்பலைக் கிளறினோம், சான்றிதழில் நானும் கர்னலும் கையெழுத்துப் போட்டோம். கர்னல் சான்றிதழ் முழுவதையும் வாய்விட்டுப் படித்தார், கமாவோடு.

செல்வி அடுத்த வாரம் வேலைக்கு வந்தாள். கர்னலுக்குக் குறிப்பு வந்தது. அவருக்கு அடுத்த பதவி உயர்வு வரவில்லை. அதனால்தானா, வேறு காரணமா, எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் இல்லை. அடுத்த வருடம் மாற்றலாகிப் போனார். போகும்போது என்னிடம் சொன்னது, "இடது ஓரம் கொஞ்சம் அதிகமாக விடுகிறீர்கள், சண்முகம்."

அவருக்குப் பின்னால் வந்தவர், தாள் நீளமாக இருக்கிறது, பதினான்காம் பத்தியை எடுத்துவிடுங்கள் என்றார். சரி சார் என்று தலையாட்டிவிட்டு, இடது ஓரத்து வெள்ளையைக் குறைத்தேன். தாளின் நீளம் குறைந்தது, பத்தி இருந்தது. பதினான்காம் பத்தி வரை எந்த மேலதிகாரியும் படிப்பதில்லை என்பது நான் சர்வீஸில் கண்டுபிடித்த ராணுவ ரகசியம். நான் ஓய்வு பெறும் வரை அது அச்சாகிக்கொண்டேதான் இருந்தது. ரமேஷ், நீ ஒருமுறை பார்.

தேயிலை விலை கொஞ்சம் தேறியதும், எஸ்டேட்டில் முழு நாள் வேலை என்று சின்னையாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். போனார். நான் ஓய்வு பெற்ற வருடம் கூடலூரில் ஒரு கல்யாணம். அப்படியே பஸ் ஏறிச் சேரம்பாடிக்குப் போய் அவரைப் பார்த்தேன். அவரும் வேலையிலிருந்து நின்றுவிட்டிருந்தார். வேலையிலிருந்து நின்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். மறு உத்தரவு வரும் வரை இருந்துகொள்ளலாம் என்று ஆபீசில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதை என்னிடம் காட்டினார். ஓரத்து வெள்ளையெல்லாம் சரியாக விட்டிருந்தார்கள்.

"மறு உத்தரவுன்னா எப்பங்க வரும்?" என்று கேட்டார்.

"நாளைக்கும் வரலாம், வராமயும் போலாமுங்க."

தலையாட்டிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். பலாக்கன்று ஒன்றை வைப்பதற்காகக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். பாதியில் என்னைப் பார்க்க வந்திருக்கிறார்.

"பலா காய்க்க எத்தனையோ வருசம் ஆகுமுங்களே," என்றேன்.

"ஆகட்டுங்க."

"காய்ச்சா யானை வருமுங்க. இங்க எல்லாரும் இருக்கற பலாவையே வெட்டறாங்க."

சின்னையா கன்றைக் குழியில் இறக்கி, காலால் மண்ணைத் தள்ளி மிதித்தார்.

"வரட்டுங்க ஐயா. அதுக இருந்த எடத்தையும் எங்கயோ மூடியிருப்பாங்க."